கிளியின் கிண்ணம்

கிளி என்ன பேசிற்று என்று எழுதி வைத்தவர்கள் உலகத்தில் ஏராளம். கிளி என்ன தின்றது என்று எழுதி வைத்தவர்கள் மிகவும் குறைவு. ராஜகுமாரிக்குத் தூது போன கிளி, வேதம் சொன்ன கிளி, திருடனைக் காட்டிக்கொடுத்த கிளி என்று கதைகளில் எத்தனையோ கிளிகள் வருகின்றன. ஸம்ஸ்கிருதத்தில் ‘சுக ஸப்ததி’ என்று ஒரு கதைப் புத்தகம் உண்டு. புருஷன் வெளியூர் போயிருக்கும் சமயத்தில் மனைவி வழி தவறிப் போகாமல் இருக்க, வீட்டுக் கிளி எழுபது இரவு கதை சொல்லி அவளை நிறுத்தி வைக்கிறது. எழுபது இரவு தொண்டை வறளக் கதை சொன்ன அந்தப் பிராணிக்கு நடுவில் பசித்திராதா? அதன் கிண்ணத்தில் யார் என்ன போட்டார்கள்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய புத்தகத்தைப் பிரித்தாலும் சிங்காதனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சமையலறையை எட்டிப் பார்ப்பான். அந்த வழக்கப்படி நான் சில காலமாகக் கிளிகளின் கிண்ணங்களை எட்டிப் பார்த்து வந்தேன். வேடிக்கையாக ஆரம்பித்த காரியம், போகப் போக வேடிக்கையாக இல்லை. இரண்டாயிரம் வருஷமாக மனிதன் பிரியம் என்று எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அந்தச் சின்னக் கிண்ணத்தில் தெரிகிறது.

முதலில் கூண்டுக்கு வெளியே இருந்த கிளியைப் பார்ப்போம். நம் சங்கப் பாட்டுகளில் கிளி பெரும்பாலும் ஒரு தொந்தரவாகத்தான் வருகிறது. தினை முற்றும் சமயத்தில் கூட்டம் கூட்டமாக வந்து கதிரைக் கொத்திக்கொண்டு போய்விடும். குறிஞ்சி நிலத்துப் பெண்களுக்கு அதை ஓட்டுவது ஒரு வேலை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரண்மீது ஏறி நின்று தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஓசை எழுப்பிக் கிளி ஓட்டுகிறார்கள். அந்த நாளில் கிளிக்கு யாரும் சோறு வைக்கவில்லை. அது சாப்பிடுவதைத் தடுக்கத்தான் ஆள் போட்டிருந்தார்கள். காதல் விவகாரங்களினால் காவல் அடிக்கடி தளர்ந்துபோயிற்று என்பதும், கிளிகள் நன்றாகச் சாப்பிட்டன என்பதும் இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும்.

காட்டுக் கிளி தினையை மட்டும் தின்று வாழ்ந்துவிடவில்லை. பால் பிடித்த பச்சைக் கதிர், அத்திப் பழம், கோவைப் பழம், கொழுந்து, மொட்டு, பூவின் தேன் என்று பருவத்துக்கு ஒன்றாக, பல மைல் பறந்து தேடித் தின்றது. ‘இலவு காத்த கிளி’ என்று ஒரு பழமொழி சொல்லி அதை நாம் அசடாக்கி வைத்திருக்கிறோம். காய் பழுக்கும் என்று காத்திருந்து, பஞ்சு வெடித்ததும் ஏமாந்து போயிற்றாம். இது கிளிக்குச் செய்த அநியாயம். இலவம் பூக்கும்போது தேன் குடிக்க வருகிற பறவைகளில் கிளியும் ஒன்று. அந்த மரத்தில் எப்போது எதைத் தின்னலாம் என்று அதற்குத் தெரியும். பழமொழி சொன்னவருக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் கிளி வீட்டுக்குள் வந்தது. பெரும்பாணாற்றுப்படையில், மறை ஓதுவோர் வாழும் ஊரில் வளர்ப்புக் கிளிகளுக்கு வேதம் ஓதப் பழக்குகிறார்கள். வடக்கே காமசூத்திரம் சொல்லும் அறுபத்து நான்கு கலைகளில் கிளியையும் மைனாவையும் பேசப் பழக்குவது ஒரு கலை. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் அரண்மனைக் கிளிக்கு வேறு உத்தியோகம். பாம்பு விஷம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அது கூச்சலிடும் என்கிறார் அவர். ராஜாவுக்கு ஆபத்து வராமல் கிளி பார்த்துக்கொள்ள வேண்டும். கிளியின் தட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது அர்த்தசாஸ்திரத்தின் கவலை இல்லை.

ஆனாலும் தேடினால் சில கிண்ணங்கள் கிடைக்காமல் போகவில்லை. புத்த ஜாதகக் கதைகளில் காளபாகு ஜாதகம் என்று ஒன்று. காசி ராஜாவிடம் இரண்டு கிளிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ராஜா அவற்றைப் பொற்கூண்டில் வைத்து, பொன் தட்டில் தேனும் பொரியும் கொடுத்து, குடிக்கச் சர்க்கரைத் தண்ணீரும் வைக்கிறார். பிறகு ஒரு கறுப்புக் குரங்கு வந்து சேர்ந்ததும் கிளிகளின் மதிப்புக் குறைந்துபோகிறது. இளைய கிளிக்கு வருத்தம். பெருமையும் சிறுமையும் நிலையில்லாதவை என்று மூத்த கிளி அதற்குப் புத்தி சொல்கிறது. கதையின் நீதி அதுதான். எனக்கோ அந்தச் சர்க்கரைத் தண்ணீர் நிறுத்தப்பட்டது கிளிகளுக்கு நன்மையாகத்தான் முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நம் ஊர்க் கிண்ணம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில், குயிலைப் பார்த்து என் பெருமான் வரக் கூவு என்று கெஞ்சுகிற ஆண்டாள், அதற்குக் கூலியாகத் தன் கிளியை அந்தக் குயிலுக்குத் தோழமையாக்குவதாகச் சொல்கிறாள். எப்படிப்பட்ட கிளி? இனிய சோறும் பாலும் ஊட்டித் தானே வளர்த்த அழகான கிளி. அந்த ஊர்க் கோயிலில் ஆண்டாளின் கையில் இன்றைக்கும் தினம் ஒரு புதுக் கிளியை, பச்சை இலைகளாலும் மாதுளம்பூவாலும் செய்து வைக்கிறார்கள். பாலும் சோறும் என்ற அந்த உணவு பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கூண்டுக் கிளிகளுக்கெல்லாம் சாசனம் போல் ஆகிவிட்டது. ‘பாலும் பழமும்’ என்றாலே கிளி நினைவுக்கு வருகிறது.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ சக்கரவர்த்தியின் சபையில் இருந்த பாணபட்டர் எழுதிய காதம்பரியில் இன்னும் விவரமான கிண்ணம் ஒன்று. வைசம்பாயனன் என்ற கிளியை ராஜா அந்தப்புரத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு அழைத்து, ‘வயிறார உண்டாயா?’ என்று விசாரிக்கிறார். நான் பார்த்த பழைய புத்தகங்களில் ஒரு கிளியை அப்படி விசாரித்த ராஜா இவர் ஒருவர்தான். கிளி பதில் சொல்கிறது: நாவல் பழச்சாறு குடித்தது, மாதுளை முத்துகளைக் கொத்தியது, நெல்லி இனத்துக் கனிகளையும் சுவைத்தது. இதையெல்லாம் பெரிய பெரிய உவமைகளோடு சொல்லிவிட்டு, கடைசியில் ராணிகள் தங்கள் கையால் எடுத்துக் கொடுத்தால் எதுவுமே அமுதமாகிவிடுகிறது என்று முடிக்கிறது.

அந்தக் கிளி ராஜாவின் முன்னால் நின்றது. மரியாதை தெரிந்து பேசியது. ஆனால் இந்தச் சரித்திரத்தின் முடிச்சு அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. அந்தப்புரத்தில் கொடுத்தது நாவலும் மாதுளையும் நெல்லியும் ஆனதால் கிளி பிழைத்தது. கை பிரியமான கை என்பதற்காகக் கொடுத்ததெல்லாம் அமுதம் ஆகிவிடுமா?

மேற்கே போய்ப் பார்ப்போம். நம் நாட்டுக் கிளியைப் பற்றிக் கிரேக்க தேசத்துக்கு முதலில் எழுதினவர்களில் ஒருவர் தெஸியாஸ் என்ற வைத்தியர். பாரசீக ராஜாவிடம் வேலை பார்த்தவர். கி.மு. 400-ஐ ஒட்டி எழுதின அவர், இந்தப் பறவை மனுஷன் மாதிரி பேசும், இந்திய பாஷை பேசும், சொல்லிக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்று வியக்கிறார். அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டிலின் பிராணி சாஸ்திரத்தில் இன்னொரு விவரம் இருக்கிறது. இந்தியக் கிளி மது குடித்தால் அதிகமாகத் துடுக்குப் பண்ணுமாம். அதே சங்கதியை ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் பிளினியும் எழுதினார். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள பச்சைப் பறவை, சக்கரவர்த்திக்கு வந்தனம் சொல்லும், மது உள்ளே போனால் குஷி தலைக்கேறும், பேசப் பழக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டும், மண்டை அவ்வளவு கெட்டி என்று. இதை யாராவது செய்து பார்த்துத்தானே எழுதியிருக்க முடியும்? இந்தியாவின் காட்டில் கோவைப் பழம் கொத்திக்கொண்டிருந்த பறவை, கப்பலேறிப் போய் ரோமாபுரி விருந்தில் திராட்சை மது குடித்து, பேசாவிட்டால் கம்பியால் அடி வாங்கியிருக்கிறது.

ரோமாபுரியில் கிளிக்கு இரங்கற்பா பாடுவதும் ஒரு நாகரிகமாக இருந்தது. ஓவிட் என்ற கவி தன் காதலியின் கிளி செத்ததற்குப் பாடினார். அது கொஞ்சமாகத்தான் சாப்பிடும். கொட்டைப் பருப்பும் கசகசாவும் உணவு, தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் என்று அதில் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சுமார் நூறு வருஷத்துக்குப் பிறகு ஸ்டேஷியஸ் என்ற கவி, மெலியோர் என்ற செல்வரின் கிளிக்குப் பாடினார். அந்தக் கிளிக்கு ஆமை ஓட்டிலும் வெள்ளியிலும் தந்தத்திலும் இழைத்த கூண்டு. முந்தின ராத்திரி விருந்தில் நடுநிசி தாண்டியும் மேஜை மேஜையாகப் போய்ப் பண்டங்களைக் கொத்தித் தின்றுகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் அது பேசவில்லை. விதி என்று கவி அழுகிறார். விருந்துக்கும் மரணத்துக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்த மேஜைகள்மேல் சந்தேகம் வராமல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அபீஷியஸ் பெயரால் வழங்குகிற ரோமாபுரிச் சமையல் புத்தகத்தில் பூநாரையைச் சமைக்கும் முறையைச் சொல்லிவிட்டு, கிளியையும் இதேபோல் செய்யலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறது. இரங்கற்பா பாடினதும் அந்த ஊர்தான். குழம்பு வைத்ததும் அந்த ஊர்தான்.

காலத்தில் கொஞ்சம் இறங்கி வருவோம். 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்வரத் தொடங்கின. அங்கே சாம்பல் நிறத்தில், சிவப்பு வாலோடு, மற்ற எந்தக் கிளியையும்விடத் தெளிவாகப் பேசும் கிளி இருந்தது. காட்டில் அது விரும்பித் தின்பது எண்ணெய்ப் பனையின் பழம். அந்தச் செம்பழத்தில் உள்ள கொழுப்போடு, உடம்புக்குள் போய் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் சத்தும் ஏராளம். ஐரோப்பாவுக்கு வந்த பறவைக்குப் பனம்பழத்துக்கு எங்கே போவது? வீட்டில் என்ன உண்டோ அதைக் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியைப் பாலிலோ காப்பியிலோ ஊறவைத்துக் கொடுப்பது சர்வ சாதாரண வழக்கம். போதாதற்குக் கிளிக்குத் தண்ணீரே தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை வேறு. தண்ணீர் வைக்காமல் விற்கவும் விற்றார்கள், வளர்க்கவும் வளர்த்தார்கள். துரைசானி காலையில் என்ன சாப்பிட்டாளோ அதுவே கிளிக்கும் ஆகாரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்சோறு, லண்டனில் பால் ரொட்டி. மனித மனம் எங்கும் ஒன்றுதான்.

இதே காலத்துக்குள் நம் ஊர்க் கிண்ணமும் சந்தடியில்லாமல் மாறிவிட்டிருந்தது. கிளிக்கு என்ன கொடுப்பார்கள் என்று இன்று யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள்: கொய்யாப் பழம், பச்சை மிளகாய், வேர்க்கடலை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஆண்டாளின் கிளி கண்ணால் கண்டதில்லை. மூன்றும் அமெரிக்காக் கண்டத்துப் பிரஜைகள். போர்த்துக்கீசியர் வந்த 16-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இங்கே இவை கிடையா. மக்காச்சோளமும் அப்படியே. கடைகளில் கிளித் தீவனம் என்று விற்கும் சூரியகாந்தி விதையும் அமெரிக்காவில் பிறந்து, ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராகப் பெருகி, 1970-களில் நம் வயல்களில் பரவியது. கிளியின் பூர்வீக உணவு என்று நாம் சத்தியம் பண்ணும் பண்டங்கள் எல்லாம் நேற்று வந்து இறங்கினவை.

இதில் மிளகாய் ஒரு ஸ்வாரஸ்யமான விஷயம். கிளி மிளகாயைக் கடித்தால் நமக்குக் கண்ணில் நீர் வருகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மிளகாயின் காரத்தை உணர நம் நாக்கில் ஒரு வாங்கி இருக்கிறது. பறவைகளுக்கும் அது உண்டு. ஆனால் காரப் பொருள் அதைத் தட்டி எழுப்புவதில்லை என்று 2002-இல் அமெரிக்காவில் ஜோர்ட், ஜூலியஸ் என்ற இருவர் நிரூபித்தார்கள். அந்த வாங்கியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒரே மிளகாய், இரண்டு நாக்கு, இரண்டு உலகம். நம் நாக்கை அளவுகோலாக வைத்துக்கொண்டு கிளிக்கு எது நல்லது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

நான் பார்த்த கிளி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில், தஞ்சை ஜில்லாவில் என் அத்தை ஒரு பச்சைக்கிளி வளர்த்தாள். பித்தளைக் கூண்டு, வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பாள். காலையில் டவராவின் அடியில் நிற்கும் காப்பி, மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் பாலில் பிசைந்த வாழைப்பழம், நடுநடுவே வேர்க்கடலை. குழந்தை இல்லாத வீடு. தனக்கு வைத்துக்கொள்ளாவிட்டாலும் அதற்கு வைப்பாள். நாலைந்து வருஷம் அது எல்லாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு இறகு மங்கிற்று. மூக்கில் எப்போதும் ஈரம். வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில் கூண்டுத் தரையில் கிடந்தது. நன்றாகக் கவனித்தால் இருபது வருஷத்துக்குமேல் இருக்கக்கூடிய ஜாதி. ஆறு வருஷத்தில் போய்விட்டது.

“வேற ஒண்ணு வாங்கிக்கலாமே அத்தை” என்றேன்.

“வேண்டாம்டா. ஊர்க் கண்ணெல்லாம் பட்டுத்தான் இது போயிடுத்து. ஒரு குறையும் வெக்காமத்தான் வளர்த்தேன்” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்த குறை எதையும் அவள் வைக்கவில்லை. ஊரில் இருந்த கால்நடை வைத்தியருக்கும் மாட்டைத் தவிர வேறு தெரியாது. அந்தக் கூண்டில் என்ன குறை இருந்தது என்று சொல்லக்கூடிய சாஸ்திரம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதுவும் வெகு தூரத்தில்.

அந்தச் சாஸ்திரம் பிறந்த கதையில் முதல் பாத்திரம் கோழி. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், இன்றைக்கு ஜகார்த்தா என்று சொல்லும் பத்தேவியாவில், ஐக்மன் என்ற டச்சு ராணுவ வைத்தியர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கோழிகள் கால் விளங்காமல் சாய்ந்தன. திடீரென்று ஒரு நாள் எழுந்து நடந்தன. விசாரித்தால் காரணம் சமையற்காரன்! பழைய சமையற்காரன் ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். புதிதாக வந்தவன், ராணுவத்து அரிசியைச் சிவில் கோழிகளுக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டான். தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. தீட்டிய அரிசியில் ஏதோ ஒன்று இல்லை, அது இல்லாததுதான் நோய் என்பது சிறிது சிறிதாக விளங்கிற்று. 1912-இல் ஃபங்க் என்பவர் அந்த ‘ஏதோ ஒன்று’க்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வயிறு நிறைந்திருக்கும்போதே உடம்பு பட்டினி கிடக்க முடியும் என்று மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பறவை.

இரண்டாவது பாத்திரம் வான்கோழி. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்குமேல் வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் ‘எக்ஸ்’ நோய் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது துப்பு. அதில் பூத்திருந்த பூஞ்சணம் ஈரலை அழிக்கும் விஷத்தை உண்டாக்கியிருந்தது. அஃப்லடாக்ஸின் என்று அதற்குப் பெயர். ஈரம் பட்ட வேர்க்கடலையைக் கிளிக்குப் போடுவது எவ்வளவு பெரிய அபாயம் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவதாகத்தான் கிளியின் இனம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் காக்கடீல் என்று கொண்டை வைத்த சின்னக் கிளி ஒன்று உண்டு. 1980-களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அதன் குஞ்சுகளுக்குப் பலவிதமான உணவு கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். உணவில் சுமார் 20 சதவிகிதம் புரதம் இருந்தால்தான் குஞ்சு ஒழுங்காக வளர்கிறது என்று ராடிபுஷ், கிரா என்ற இருவரும் 1986-இல் எழுதினார்கள். கிளிக்கு என்ன வேண்டும் என்பதைக் கிளியையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை இப்படித் தொடங்கிற்று. கிளியைப் பேச வைக்க நாம் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். அதன் வயிற்றைக் கேட்க எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு வயது ஐம்பதுகூட இல்லை.

இன்று தெரிந்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதையிலும் கொட்டையிலும் கொழுப்பு அதிகம். வைட்டமின் ‘ஏ’யும் சுண்ணாம்புச் சத்தும் இல்லை என்றே சொல்லிவிடலாம். சூரியகாந்தி விதை மட்டும் தின்று கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிளிக்கு ஈரலில் கொழுப்புக் கட்டும். வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் வாய்க்குள் வெள்ளை படரும், மூக்கு ஒழுகும், மூச்சு நோய் பிடிக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பு வரும். பால் பறவைக்கு உரியதே அல்ல. குட்டிக்குப் பால் கொடுக்கும் ஜாதியில் பிறக்காத பிராணிக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி எங்கிருந்து வரும்? கழிச்சல்தான் வரும். காப்பி, சாக்லேட், மது, உப்புப் போட்ட பலகாரம் எல்லாம் கெடுதல். வெண்ணெய்ப் பழம் என்கிற அவகாடோ விஷமே. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

பின் என்னதான் கொடுப்பது? தானியம், பருப்பு, வைட்டமின் எல்லாம் அளவாகச் சேர்த்துச் செய்த குருணைத் தீவனம் இப்போது கிடைக்கிறது. தினசரி உணவில் பாதியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ அது இருக்கலாம் என்பது பறவை வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். மிச்சத்தில் பெரும்பகுதி காய்கறியும் கீரையும். முருங்கைக்கீரை, காரட், மஞ்சள் பூசணி, கோவைக்காய், பச்சை மிளகாய், முளைகட்டிய பயறு எல்லாம் நல்லவை. பழம் கொஞ்சம். விதையும் கொட்டையும் பழக்கப்படுத்தும்போது கூலியாகக் கொடுக்கும் அளவுக்கு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைக் கூண்டில் செருகி வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு ஆயிற்று. அந்தச் சத்து உடம்பில் ஒட்டுவதற்குக் காலை வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. தினம் புதிய தண்ணீர் வேண்டும். இங்கிலாந்துக்காரரின் பழைய நம்பிக்கையை நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் விதை தின்று பழகின கிளியின் கிண்ணத்தை ஒரே நாளில் மாற்றக் கூடாது. தெரியாத பண்டத்தைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகக்கூடிய பிடிவாதம் அதற்கு உண்டு. வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, தராசில் எடை பார்த்துக்கொண்டு மாற்ற வேண்டும். எதிரில் உட்கார்ந்து நாம் ஒரு துண்டு காரட்டைக் கடித்துக் காட்டினால், அதுவும் கடித்துப் பார்க்கும். பேச்சில் நம்மைப் பார்த்துச் செய்கிற பிராணி சாப்பாட்டிலும் செய்யாதா?

இவ்வளவையும் படித்துவிட்டுச் சந்தையில் ஒரு பச்சைக்கிளி வாங்கலாம் என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91-ஐ ஒட்டி வந்த தடையும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் குற்றமாக்கியிருக்கின்றன. ஒரு நெல்மணிக் கூலிக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளிக்கும் சட்டப்படி விடுதலைதான். இன்று வீடுகளில் இருக்கக்கூடியவை வெளிநாட்டுக் கிளிகள். அவற்றிலும் பலவற்றை ஸர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்திருக்கின்றன. சாம்பல் கிளி காட்டில் அருகிவிட்டது. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடின தேசங்கள் காட்டுச் சாம்பல் கிளி வியாபாரத்தை அடியோடு தடுக்கும் பட்டியலில் அதைச் சேர்த்தன. ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம் ஊரில் தவறாகப் பெயர் சொல்லும் பட்ஜரிகர்கள், 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவை நூலாசிரியர் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுவந்தவற்றின் வழியில் கூண்டுக்குள் வந்தவை. கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே பெருகின இவற்றைத் திறந்து விட்டால் நம் ஊர்க் காகத்துக்கு இரையாகும். இவற்றுக்கு இனித் தினைப்புனம் கிடையாது. கிண்ணம் ஒன்றுதான் காடு.

ஆகவே அந்தக் கிண்ணத்தை நிரப்புகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பழைய நாளில் நமக்குத் தெரியாது என்று சொல்லலாம். காசி ராஜாவுக்குத் தெரியாது. ரோமாபுரிச் செல்வருக்குத் தெரியாது. என் அத்தைக்கும் தெரியாது. அவர்கள் எல்லாரும் தங்களுக்கு எது இனிக்குமோ அதைக் கிளிக்குக் கொடுத்தார்கள். தன் வாய்க்கு ருசியானதைப் பிறர் வாயில் வைப்பதுதான் அன்பு என்று நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். குழந்தைகளிடத்திலும் விருந்தாளிகளிடத்திலும் அது செல்லுபடியாகிறது. கிளியிடத்தில் செல்லுபடியாகவில்லை. அது நம் வார்த்தையைச் சொல்வதால் நம்மவர் என்று நினைத்துக்கொண்டுவிட்டோம். அதன் வயிறு இன்னும் காட்டு மரத்தில்தான் இருக்கிறது.

காதம்பரியின் ராஜா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கிளி வளர்க்கிறவர்கள் தினம் ஒரு தடவை அதைக் கேட்கலாம். பதிலை மட்டும் கிளியின் பேச்சில் எதிர்பார்க்க வேண்டாம். இறகின் பளபளப்பையும், எச்சத்தையும், தராசு முள்ளையும் பார்த்தால் போதும்.